பாகூரின் கரியும் வில்லியனூரின் கம்பியும்

புதுச்சேரிக்குச் சொந்த எரிபொருள் கிடையாது என்று பலரும் நம்புகிறார்கள். நாட்டின் பழுப்பு நிலக்கரி இருப்புப் பட்டியலைப் புரட்டினால், தமிழ்நாடு, ராஜஸ்தான், குஜராத் ஆகிய பெரிய பெயர்களோடு புதுச்சேரிக்கும் ஒரு வரி இருப்பது தெரியும்: ஏறத்தாழ 41 கோடி டன். நெய்வேலிப் படுகையோடு உறவுடைய இந்தக் கரி பாகூர் வட்டாரத்து நெல்வயல்களுக்கு அடியில் கிடக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தோராயமாக ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி வேண்டும். அத்தனையையும் தோண்டிவிடலாம் என்று நடக்காத ஒன்றை வைத்துக்கொண்டு பார்த்தால், இந்த யூனியன் பிரதேசத்தின் இன்றைய தேவைக்கு அது நூறாண்டுக்கு மேல் வரும். ஆனால் பாகூரில் சுரங்கம் இல்லை. அரசுக்குச் சொந்தமான பெரிய மின்நிலையம் ஒன்றே ஒன்றுதான்: காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் காவிரிப் படுகையின் எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் நிலையம். அதில் 22.9 மெகாவாட் எரிவாயு டர்பைனிலிருந்து வருகிறது. அந்த டர்பைன் வெளித்தள்ளும் சூடான புகையால் நீரைக் கொதிக்கவைத்து, கூடுதல் எரிபொருள் இல்லாமலே மீதி 9.6 மெகாவாட்டைப் பிழிந்தெடுக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, ஆனாலும் அது காரைக்காலோடு முடிந்துவிடுகிறது. புதுச்சேரி நகரத்துக்கு வரும் மின்சாரம் நெய்வேலி, கல்பாக்கம், கூடங்குளம், கர்நாடகத்தின் கைகா, தெலங்கானாவின் ராமகுண்டம், ஒடிசாவின் தால்சேர் என்று பல ஊர்களில் பிறந்து, வில்லியனூர், பாகூர், தொண்டமாநத்தம் துணை மின் நிலையங்களின் வழியே உள்ளே நுழைகிறது. மாஹேவுக்குக் கேரளத்திலிருந்தும் ஏனாமுக்கு ஆந்திரத்திலிருந்தும் கம்பி இழுக்கப்பட்டிருக்கிறது.

ஆக, காலடியில் நூறாண்டுக் கரியை வைத்துக்கொண்டு அயலூர்க் கம்பியை நம்பிப் பிழைக்கும் ஊர் இது. இதைப் பலவீனம் என்று சொல்வது எளிது. ‘நம் மண்ணில் விளைந்தால்தான் நமக்குப் பாதுகாப்பு’ என்ற எண்ணம் எரிசக்தியைப் பற்றிய பேச்சில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஓர் ஊரின், ஒரு நாட்டின் எரிசக்திப் பாதுகாப்பை அதன் மண்ணுக்கடியில் இருப்பதை வைத்து அளப்பது பெரும்பாலும் தவறான அளவுகோல் என்பது என் வாதம். எத்தனை வழிகளில் எரிசக்தி வந்து சேர்கிறது, ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று எவ்வளவு விரைவில் திறக்கும், அதற்குக் கொடுக்கப் பணம் இருக்கிறதா என்ற கேள்விகளே முக்கியமானவை. புதுச்சேரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

முதலில் பாகூர்க் கரியை ஏன் தொட முடியாது என்று பார்க்கலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே கடலூர் மணற்பாறை அடுக்கில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்றியதும் அந்த நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். ஆகவே சுரங்கம் ஓடும் காலமெல்லாம் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஒரு டன் கரிக்குப் பல டன் நீர் இறைக்கப்படுகிறது. அதே மணற்பாறை அடுக்கு வடக்கே நீண்டு புதுச்சேரியின் குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஊற்றாக இருக்கிறது. கடல் அருகிலேயே இருப்பதால், நன்னீரின் அழுத்தம் குறைந்தால் அந்த இடத்தைப் பிடிக்க உப்புநீர் காத்திருக்கிறது. புதுச்சேரிப் பகுதியின் மொத்தப் பரப்பே 300 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் நெல் விளையும் நல்ல நிலத்தின் பெரும்பகுதி பாகூரில்தான். கரி கிடைக்கும், ஆனால் ஊர் இருக்காது. ஒரு நாட்டின் வரைபடத்தில் கரும்புள்ளியாகத் தெரியும் இருப்பு எல்லாம் உண்மையில் கைக்கு எட்டும் எரிபொருள் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று வேண்டியதில்லை.

கைக்கு எட்டினாலும் போதாது. ஆப்பிரிக்காவில் கச்சா எண்ணெய் எடுப்பதில் முன்னணியில் இருப்பது நைஜீரியா. அதன் தேசிய மின்தொகுப்பு 2024ஆம் ஆண்டில் மட்டும் பலமுறை சரிந்து விழுந்தது. கடைகளும் வீடுகளும் ஜெனரேட்டரை நம்பி வாழ்கின்றன. உள்நாட்டில் சுத்திகரிக்க வழியில்லாமல் பல ஆண்டுகளாகப் பெட்ரோலையே இறக்குமதி செய்துவந்த எண்ணெய் நாடு அது. உலகிலேயே மிகப் பெரிய எண்ணெய் இருப்பைக் காட்டும் வெனிசுவேலா, 2019 மார்ச்சில் குரி அணை மின்நிலையத்தில் தொடங்கிய கோளாறால் பல நாட்கள் இருளில் கிடந்தது. மறுபக்கம் சிங்கப்பூர். எண்ணெய் இல்லை, கரி இல்லை, அருவி இல்லை. மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இறக்குமதி எரிவாயுவிலிருந்து வருகிறது. தொடக்கத்தில் மலேசியா, இந்தோனேசியக் குழாய்களை மட்டுமே நம்பியிருந்த அந்நாடு, 2013இல் திரவ எரிவாயு முனையத்தைத் திறந்து உலகின் எந்த மூலையிலிருந்தும் கப்பலில் வாங்க வழி செய்துகொண்டது. 2022 முதல் தாய்லாந்து, மலேசியா வழியே லாவோஸின் நீர்மின்சாரத்தையும் சிறிதளவு வாங்கத் தொடங்கியது. அங்கே கரண்ட் போனால் அது செய்தி.

வழிகளின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்? விடை மாறுதிசை மின்சாரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு மின்தொகுப்பில் இணைந்துள்ள ஜெனரேட்டர்கள் அனைத்தும் ஒரே தாளத்தில், நொடிக்கு 50 அலைவு என்ற கணக்கில் சுழல வேண்டும். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரை ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கும்போது நாலு பேர் கைவிட்டால் தேருக்குத் தெரியாது, பத்துப் பேர் மட்டும் இழுக்கையில் இருவர் கைவிட்டால் தேர் நின்றுவிடும். பெரிய தொகுப்பில் ஒரு 500 மெகாவாட் நிலையம் திடீரென நின்றாலும், மற்ற ஆயிரக்கணக்கான சுழலிகளின் எடையும் வேகமும் சில நொடிகளுக்குத் தாங்கிக்கொள்ளும். அதற்குள் மாற்று நிலையங்கள் தங்கள் உற்பத்தியை உயர்த்தும். சிறிய, தனித்த தொகுப்புக்கு அந்தச் சில நொடிகள் கிடைப்பதில்லை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. குரங்கைச் சொல்லி நாடே சிரித்தது. சிரிப்புக்கு அப்பால் பார்த்தால், விடுமுறை நாளில் தேவை குறைந்து, சூரிய மின்சாரம் நிறைந்து, சுழலும் எடை மெலிந்திருந்த ஒரு தனித் தீவுத் தொகுப்புக்கு ஒரு சிறு பழுது போதுமானதாக இருந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் அந்த அதிர்ச்சியில் நின்று, பழையபடி ஓடச் சில நாட்கள் பிடித்தன.

2022இல் அதே தீவு அனுபவித்தது வேறு வகை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. நீர்த்தேக்கங்கள் வற்றியிருந்தன. டீசலும் எண்ணெயும் உலகச் சந்தையில் கிடைத்தன, வாங்க டாலர் இல்லை. அந்நியச் செலாவணியும் ஓர் எரிபொருள்தான் என்பதை யாழ்ப்பாணத்திலிருந்து அம்பாந்தோட்டை வரை வரிசையில் நின்றவர்கள் பட்டறிந்தார்கள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு மின்கம்பி அன்று இருந்திருந்தால் கடன் தீர்ந்திருக்காது, ஆனால் மருத்துவமனைகளுக்கும் நீரேற்று நிலையங்களுக்குமாவது ரூபாய்க் கடனில் மின்சாரம் போயிருக்கும். அந்த இணைப்பைப் பற்றிப் பல பத்தாண்டுகளாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி நியாயமாக எழும். பெரிய தொகுப்பு விழுந்தால் பெரிதாக விழாதா? விழும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் பினா–குவாலியர் வழித்தடத்தில் தொடங்கிய பழுது, இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளை ஒருசேரச் சாய்த்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு இருண்டது. தென்னகம் தப்பியது, ஏனென்றால் அன்று தெற்குத் தொகுப்பு மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. தனித்திருந்ததால் பிழைத்தோம் என்று அப்போது பலர் மார்தட்டினார்கள். அந்தத் தனிமையின் மறுபக்கத்தையும் அதே ஆண்டில் தமிழ்நாடு பார்த்தது. மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு, கோவையின் பட்டறைகள் படுத்துவிட்டன. வடக்கே விற்பனைக்கு மின்சாரம் இருந்தது, தெற்கே கொண்டுவரப் போதிய வழித்தடம் இல்லை. மின்சாரப் பரிமாற்றச் சந்தையில் வடக்குக்கு ஒரு விலை, நமக்குப் பன்மடங்கு விலை. இரண்டு நாள் இருளிலிருந்து காத்த அதே சுவர், மாதக்கணக்கான இருளுக்கும் காரணமாக நின்றது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழித்தடத்தால் தெற்கு இணைந்ததும், பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர் வரை 6000 மெகாவாட் நேர்மின் வழித்தடம் வந்ததும் இந்தக் கதையை மாற்றின. நேர்மின் வழித்தடத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இரு பக்கத் தாளங்களும் ஒன்றாக இருக்கத் தேவையில்லாமலே அது மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஒரு பக்கத்துத் தடுமாற்றம் மறுபக்கத்துக்கு எளிதில் தொற்றாது. 2012லும் தெற்கு முழுத் தனிமையில் இருக்கவில்லை, தால்சேர்–கோலார் நேர்மின் வழியில் மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆக, இணைப்பா தனிமையா என்ற கேள்வியே பாதி பொய். எந்த வகை இணைப்பு என்பதுதான் பொறியாளர்களின் கேள்வி.

இன்னொரு கேள்வி அரசியல் சார்ந்தது, அதை ஒதுக்க முடியாது. பிறர் கையிலுள்ள சுவிட்சை நம்பலாமா? புதுச்சேரிக்கு இந்த அனுபவம் உண்டு. இந்தியாவோடு இருந்த சுங்க ஏற்பாடு 1949இல் முடிந்து, 1954இல் பொருளாதார நெருக்கடி இறுகியபோது, இந்திய மண்ணால் சூழப்பட்ட பிரெஞ்சுத் திட்டுகள் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்பது பாரீசுக்கும் தெரிந்தது. நம் காலத்தில் ஜெர்மனியைப் பார்க்கலாம். 2021இல் அது இறக்குமதி செய்த எரிவாயுவில் ஏறத்தாழ 55 விழுக்காடு ரஷ்யாவிலிருந்து வந்தது. உக்ரைன் போர் மூண்டதும் அந்தக் குழாய்கள் கழுத்துச் சுருக்காயின. ஆனால் ஜெர்மனியின் பிழை இறக்குமதி செய்ததில் இல்லை, பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து செய்ததில் இருக்கிறது. தானே உற்பத்தி செய்தவருக்கும் இதே ஆபத்து வரும் என்பதற்குப் புதுச்சேரியின் பழைய எஜமானரே சாட்சி. 1973 எண்ணெய் அதிர்ச்சிக்குப் பின், 1974இல் பிரதமர் மெஸ்மெர் அறிவித்த திட்டத்தால் பிரான்ஸ் அணு உலைகளாக எழுப்பித் தள்ளியது. மின்சாரத்தில் 70 விழுக்காடு அளவுக்கு அணுசக்தி, யாரையும் சாராத நாடு என்ற பெருமை. 2021 இறுதியில் சில உலைகளின் குழாய்களில் விரிசல் தென்பட்டது. ஒரே அச்சில் வார்த்த உலைகள் என்பதால் ஒன்றில் உள்ள பிழை பலவற்றில் இருக்கக்கூடும், நிறுத்திச் சோதித்தே ஆக வேண்டும். 2022இல் ஒரு கட்டத்தில் 56 உலைகளில் ஏறத்தாழ பாதி ஓடவில்லை. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக மின்சாரம் விற்றுவந்த பிரான்ஸ், அந்த ஆண்டு நிகரக் கணக்கில் 16 டெராவாட்-மணிக்கு மேல் வாங்கியது. அண்டை நாடுகளின் கம்பிகள் இல்லாதிருந்தால் அந்தக் குளிர்காலம் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். 2024இல் அதே கம்பிகளின் வழியே, நிகரக் கணக்கில் அதுவரை இல்லாத அளவாக 89 டெராவாட்-மணி ஏற்றுமதி செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுயசார்பு என்பதில் பொருளே இல்லை என்று நான் சொல்லவில்லை. எரிபொருளில் அதைத் தேடுவதைவிடத் திறமையில் தேடுவது பயன் தரும். புதுச்சேரிக்கு வடக்கே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் கல்பாக்கத்தில் உள்ள அதிவேக ஈனுலைச் சோதனை உலை, பிரான்சின் ராப்சோதி உலையை மாதிரியாகக் கொண்டது. 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் அதற்கு வேண்டிய செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து வரவில்லை. இங்குள்ளவர்கள் புளூட்டோனியம்–யுரேனியம் கார்பைடு எரிபொருளைத் தாங்களே உருவாக்கி 1985இல் உலையை இயக்கினார்கள். வழி அடைபட்டபோது மாற்று வழியை வெட்டத் தெரிந்த கைகள், எந்தக் கரி இருப்பைவிடவும் நம்பகமான சேமிப்பு.

என் வாதத்துக்கு உள்ள கடினமான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. எல்லோரும் கம்பியை நம்பினால் கரியை வெட்டுவது யார்? புதுச்சேரி தன் பாகூரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நெய்வேலியின் மின்சாரத்தில் வாழ்கிறது. நெய்வேலியின் முதல் அலகு மின்சாரம் தந்ததும் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் ஒரே ஆண்டில், 1962இல். அன்று முதல் சாம்பலும், தாழ்ந்துபோன கிணறுகளும், நிலம் கொடுத்துவிட்டு நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் குடும்பங்களும் கடலூர் மாவட்டத்தின் பங்கு. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவி அருகே கதிர் வரும் நெல்லின் மீது கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் ஏறின. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் நடந்த இவை புதுச்சேரியின் மின்கட்டணச் சீட்டில் எங்கும் தெரிவதில்லை. கம்பி எரிசக்தியைக் கொண்டுவரும்போது துயரத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. இந்த மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் அதன் பொருட்டுப் பாகூரையும் தோண்டுவது நீதியாகிவிடாது, சேதம் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். வாங்குகிற ஊர் விலையில் அந்தச் சேதத்துக்கான பங்கையும் கொடுக்க வேண்டும், கூடவே கரியில் பிறக்காத மின்சாரத்தைத் தன் கொள்முதலில் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டுமே கம்பி இருப்பதால்தான் முடியும்.

எண்ணெயின் கணக்கு வேறு. அதைக் கம்பியில் அனுப்ப முடியாது, ஆனால் தேக்கிவைக்கலாம். வரி குறைவு என்பதால் தமிழ்நாட்டு வண்டிகள் எல்லை தாண்டி வந்து புதுச்சேரியில் டேங்க் நிரப்பிப் போகின்றன. விலை மலிவைப் பாதுகாப்பென்று மயங்க இது நல்ல வாய்ப்பு. இந்தியா தன் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து, அதுவும் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் நிலத்தடிக் குகைகளில் அரசு அமைத்துள்ள அவசரச் சேமிப்பின் மொத்தக் கொள்ளளவு 53 லட்சம் டன். முழுவதும் நிரம்பியிருந்தாலும் அது நாட்டின் பத்து நாள் தேவைக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய் நிறுவனங்களின் இருப்பு தனி. சர்வதேச எரிசக்தி முகமையின் உறுப்பு நாடுகள் 90 நாள் இறக்குமதிக்கு ஈடான இருப்பு வைக்கக் கடமைப்பட்டவை. இந்த இடைவெளியை நிரப்பக் குகைகளை மட்டும் தோண்டிக்கொண்டிருப்பதைவிட, ஸ்கூட்டரும் அடுப்பும் மின்சாரத்துக்கு மாறுவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. மின்சாரத்துக்குப் பத்து ஊற்றுகள் உண்டு, ஹோர்முஸுக்கு ஈடான மாற்று இல்லை.

மாறினால் அத்தனை சுமையும் தெருக்கம்பத்தில் வந்து தொங்கும். அங்கேதான் புதுச்சேரியின் உண்மையான பலவீனம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோதும், 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழையைக் கொட்டியபோதும், தால்சேரிலும் ராமகுண்டத்திலும் டர்பைன்கள் சுழன்றுகொண்டிருந்தன. கடைசிக் கம்பமும் டிரான்ஸ்பார்மரும் இங்கே தாங்கவில்லை. 2022 செப்டம்பர் இறுதியில் தனியார்மயத்தை எதிர்த்து மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் வெளியூர் மின்சாரத்துக்குக் குறைவில்லை, உள்ளூரில்தான் விளக்கு அணைந்தது. கூரையில் சூரியப் பலகை வைத்தவர்களும் புயல் இரவுக்கு மறுநாள் வெயிலில் கரண்ட் இல்லாமல்தான் இருக்க நேரும். தொகுப்போடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், வெளிக்கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் தானும் நின்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டது. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கிறவரின் உயிரைக் காக்கும் விதி அது. பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இருந்தால் வீடு தனித்தீவாகப் பிரிந்து ஓடும், ஊர் இணைந்ததும் மீண்டும் சேர்ந்துகொள்ளும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டத்தில் மானியம் பலகையின் கிலோவாட் கணக்கில் 78,000 ரூபாய் வரை தரப்படுகிறது. புயல் கரையில் இருக்கும் ஓர் ஊர், அதற்கு மேல் தன் பணத்திலிருந்து ஒரு பகுதியைப் பேட்டரிக்கும், குறைந்தது ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குடிநீர் மோட்டார்களுக்குமாவது ஒதுக்குவது, இன்னொரு 32.5 மெகாவாட் நிலையம் கட்டுவதைவிட மலிவாகவே முடியும்.